இடக்கைக்கு ஒரு கிட்டார்

கண்ணு,

தாராபுரத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நம் சிங்காநல்லூர் வீட்டுக் கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீ காபித் தட்டை வலது கையில் தாங்கிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு டம்ளராக எடுத்து நீட்டினாய். "ஏனுங்க டீச்சருங்க, பொண்ணுக்கு எடக்கைப் பழக்கமுங்களா?" என்றார் அவர். குரலில் குத்தல் ஏதும் இல்லை. வெளியே வெயில் அதிகமா என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். எனக்குத் தெரிந்த பதில்களிலேயே மிகச் சுலபமான பதில் அது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது, "அய்யோ, இல்லீங்க. தட்டு அந்தக் கையில இருக்குதல்லங்க, அதுக்கோசரம். மத்தபடி எல்லாமே சோத்தாங்கைதானுங்க." நீ என்னைப் பார்க்கவில்லை. தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, மீதி டம்ளர்களை வலது கையால் கொடுத்து முடித்தாய். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்தச் சிந்தாமைதான் இத்தனை நாளும் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது. அது என் பயிற்சி.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. என்னோடு வேலை பார்த்த டீச்சர்களின் வாட்ஸப் குழுவிலும் இதைப் போடப் போகிறேன். படித்துவிட்டு யார் என்ன சொன்னாலும் சரி. ஒன்றாம் வகுப்பில் நீ பென்சிலை இடது கையில் பிடித்தபோது, என் பழைய நூல் சேலையின் கரையைக் கிழித்து உன் இடது மணிக்கட்டை நாற்காலிக் கைப்பிடியோடு கட்டினேன். தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும். இறுக்கிக் கட்டவில்லை, தளர்வாகத்தான் கட்டினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். மூன்றாவது மாதம், நான் கூப்பிடாமலே நீயாக வந்து உட்கார்ந்து, கையை நாற்காலியின் மேல் வைத்து, "கட்டுங்கம்மா" என்றாய். மறுநாள் ஆசிரியர் அறையில் அதைப் பெருமையாகச் சொன்னேன். இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே செய்தார்கள். அதே வாரம் ஏழாம் வகுப்பில் சமச்சீர் பாடம். கரும்பலகையில் ஒரு வண்ணத்துப்பூச்சி வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுக்கொன்று குறைந்தது இல்லை என்று நாற்பது பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து உன் கையைக் கட்டினேன்.

இரண்டாவது முறை கட்டியபோது கையில் துணி இல்லை. நீ காலேஜ் இரண்டாம் வருஷம் பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். உன் வலது கை விரல்களின் நுனி காய்த்துப் போயிருந்தது. என்ன இது என்று கேட்டேன். ஹாஸ்டலில் ஒரு தோழியின் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து வாசிக்கிறேன், இடது கையால் மீட்டினால்தான் எனக்குத் தாளம் நிற்கிறது என்றாய். "எடக்கைக்காரங்களுக்குன்னே கிட்டார் இருக்குதாம்மா. வாங்கித் தர்றீங்களா?" என்றாய். அந்தக் கேள்விக்கும் நான் சுலபமான பதில் வைத்திருந்தேன். "மொதல்ல எல்லாரும் வாசிக்கிற மாதிரி வாசிக்கப் பழகு. அப்பறம் பாக்கலாம்." நீ பழகிப் பார்த்தாய். இரண்டு வாரம். பிறகு கிட்டாரைத் தோழியிடமே கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னாய். பரீட்சை நேரத்தில் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியை ஒதுக்கியபோது உன் பழைய நோட்டு ஒன்று கையில் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் நீலப் பேனாவால் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வரைந்திருந்தாய். தலைப்பகுதி வழக்கம்போல வலப்பக்கமாக இல்லாமல் இடப்பக்கமாக நீண்டிருந்தது. பெயிண்ட் உதிர்ந்து மரம் தெரிவது போல ஓரமெல்லாம் தேய்த்து நிழல் போட்டிருந்தாய். அடியில் சின்ன எழுத்தில், "புதுசா மினுங்கக் கூடாது. ஏற்கெனவே என்னுதா இருந்த மாதிரி இருக்கணும்." அன்று சாயங்காலம்தான் ஆபீஸ் முடிந்து நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். மாமியார் பேசினாராம். சீர்த் தட்டு வாங்குவது, விளக்கு ஏற்றுவது, பந்தியில் முதல் கரண்டி பரிமாறுவது எல்லாம் வலது கையால் செய்யப் பழகிக்கொள்ளச் சொன்னாராம். என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். "சரின்னு சொல்லிப்போட்டேனுங்கம்மா. ஒரு நாள் கூத்துதானே. இருவது வருஷப் பழக்கம் இருக்குது, உங்க புண்ணியத்துல" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம், "நான் ஒரு கிட்டார் செய்யப் போறேன்" என்றேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "செய்யுங்க டீச்சரம்மா. அப்படியே எனக்கு ஒரு ஏரோப்ளேன்" என்றார்.

செய்வதற்கு முன்னால் வாங்கத்தான் போனேன். கிராஸ்கட் ரோட்டுக் கடையில் நாற்பது கிட்டார் தொங்கின. இடக்கைக்கு ஒன்றும் இல்லை. கடைக்காரர் மரியாதையான மனிதர். "ஸ்டாக் வராதுங்க மேடம். வலக்கைக்கே பழகிக்கச் சொல்லுங்க, எல்லாரும் அப்படித்தான் பழகிக்கறாங்க" என்றார். என் வாசகத்தை என் முகத்துக்கு நேரே யாரோ படித்துக் காட்டியது போல இருந்தது. வாதாடவில்லை. வந்துவிட்டேன். கிட்டாரின் பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டேன். கழுத்துப் பகுதி, முடுக்கும் திருகுகள், கம்பி அதிர்வதைக் கரண்டாக மாற்றும் பிக்கப், எல்லாவற்றிலும் இடக்கைக்கு உரியவற்றைத் தேடித் தேடி வரவழைத்தேன். உடல் மட்டும் நம் ஊரிலேயே ஆகட்டும் என்று நினைத்தேன்.

கணபதி ஏரியாவில் சின்னராசு என்று ஒருவர் பேட்டர்ன் பட்டறை வைத்திருக்கிறார். பம்புக்கும் மோட்டாருக்கும் இரும்பு வார்ப்பதற்கு முன்னால், அதே வடிவத்தை மரத்தில் செய்து கொடுக்கும் வேலை. மணலில் அந்த மரத்தைப் பதித்து எடுத்து, அந்தக் குழியில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுகிறார்கள். நம் ஊரில் இதற்கு மிஞ்சிய மர வேலைக்காரர்கள் கிடையாது. உன் படத்தைச் சதுரத் தாளில் பெரிதாக வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். இடக்கைக்கு வேண்டும், எல்லாமே மாற்றிப் போட்டது போல இருக்கும், சிரமமா என்று தயங்கிக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏனுங்க டீச்சர், அச்சுன்னா மேல் பாதி ஒண்ணு, கீழ் பாதி ஒண்ணு. நான் காலையில எடது செஞ்சா மத்தியானம் வலது செய்யறேன். எது நல்லதுன்னு எந்தப் பாதியும் இதுவரைக்கும் கேட்டதில்லீங்க" என்றார். மலைவேம்பு லேசான மரம், தோளில் தொங்கப்போட்டால் வலிக்காது என்று அவரே பலகையும் தேர்ந்தெடுத்தார்.

பத்தாம் நாள் உடல் தயாராகிவிட்டது. கழுத்தை அதன் பள்ளத்தில் பொருத்தினோம். ஆடியது. அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. சின்னராசுக்கு முகம் சுண்டிப்போனது. தன் வேலையில் முடி நுழையாது என்று பெயரெடுத்தவர். இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, கையிலிருந்த ஸ்கேலையே உற்றுப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்ன்காரர்கள் மரத்தை நூற்றுக்கு ஒன்று பெரிதாகவே செய்வார்கள். அதற்கென்றே கோடுகளைக் கொஞ்சம் அகட்டிப் போட்ட தனி ஸ்கேல் வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் கை அந்த ஸ்கேலைத்தான் எடுத்திருக்கிறது. "சுருங்காத சாமானுக்குச் சுருக்கம் உட்டுப்போட்டேனுங்களே!" என்றார். வேறு உடல் செய்து தருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். நான் விடவில்லை. இடைவெளியில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை ஒட்டி இறுக்கச் சொன்னேன். அது இப்போதும் உள்ளே இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்த ஸ்கேல்தான் ஞாபகம். நீ போகும் வீட்டில் கொஞ்சம் சுருங்குவாய், சுருங்கித்தான் ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் நானும் உன்னை வளர்த்திருக்கிறேன். என் கணக்குத் தப்பு. கணக்கு டீச்சர் சொல்கிறேன், அடித்துவிடு.

நிறம் மயில் கழுத்துப் பச்சை. மரச்சாமானுக்கு அடிக்கும் லாக்கர் பூச்சைச் சின்னராசுவே மெல்லிசாக அடித்துக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி வந்தது. இதை இனிமேல் பழசாக்க வேண்டும் என்றதும் அவருக்குத் தாங்கவில்லை. "புதுசாச் செஞ்சு அதை நாமளே எதுக்குங்க கெடுக்கோணும்? ஓடாத வண்டிக்குத் தேய்மானமுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. நான் நம் வீட்டைப் பற்றிச் சொன்னேன். சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை. ரிமோட்டுக்கு உறை. ஸ்கூட்டர் சீட்டின் பாலித்தீனை இரண்டு வருஷம் கழித்து வெயில்தான் கிழித்தது. உனக்கு எட்டாம் வகுப்பில் வாங்கித் தந்த வாட்டர் கலர் பெட்டி, வீணாகிவிடும் என்று நான் எடுத்து வைத்து, உள்ளேயே காய்ந்து கல்லானது. புதுசு என்றாலே நாங்கள் தொடாதே என்போம். நீயும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான். மினுங்குகிற கிட்டாரைக் கொடுத்தால் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவாய். ஏற்கெனவே அடிபட்டதாக இருந்தால்தான் பயப்படாமல் கையில் எடுப்பாய். சின்னராசு யோசித்துவிட்டு, "என்ற ஊட்லயும் ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கறாளுங்க" என்றார்.

மெல்லிசான லாக்கர் குளிரில் இறுகி, சட்டென்று சூடு பட்டால் வெடிக்கும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் உடல் நுழையவில்லை. தெருமுக்கு பேக்கரிக்காரர் ஐஸ்கிரீம் பெட்டியில் இடம் கொடுத்தார். "டீச்சர், இது எந்த ஃபிளேவருங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். மூன்று மணி நேரம் கழித்து எடுத்து மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். டிக், டிக் என்று மெல்லிய சத்தம். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையின் மேல் தலைமுடி உதிர்ந்து கிடப்பது போலக் கோடு கோடாக ஓடியது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் குமிழ்களை டீ டிகாஷனில் ஊறவைத்தேன். பளபளத்த இரும்புத் துண்டுகளை வினிகர் ஆவி காட்டி மங்க வைத்தேன். உன் அப்பா மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்ததை இந்த வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டோம். அவர் மறக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு வந்து, "தள்ளுங்க, இது என்ற டிபார்ட்மெண்டு" என்று சால்டரிங் ராடைப் பிடுங்கிக்கொண்டார். முதல் முறை ஆம்ப்ளிஃபையரில் செருகியபோது கிட்டார் பாடவில்லை, தறி போல இரைந்தது. "எர்த் குடுக்கலைன்னா எவனும் இப்படித்தான் கத்துவான்" என்று இன்னொரு ஒயரை இழுத்து வைத்தார். இரைச்சல் நின்றது.

கடைசியாகத் தேய்மானம். பல வருஷம் வாசித்த கிட்டாரில் மீட்டுகிற கையின் முழங்கை படுகிற இடத்தில் பெயிண்ட் போய் மரம் தெரியும். படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உப்புத்தாளால் இரண்டு மணி நேரம் தேய்த்தேன். அழகாக வந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கிட்டாரை எடுத்து உன்னைப் போல இடக்கைக்காரராக மடியில் வைத்துக்கொண்டார். கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தேய்த்த இடம் அவர் தொடையின் மேல் கிடந்தது. கை வைத்த இடம் புத்தம்புதிதாக மினுங்கியது. படங்கள் எல்லாமே வலக்கைக்காரர்களுடையவை, கண்ணு. உடல், கழுத்து, திருகு என்று தேடித் தேடி எல்லாவற்றையும் உனக்காக மாற்றிப்போட்டவள், தேய்க்க உட்கார்ந்ததும் பழையபடி வலக்கைக்கே தேய்த்துவிட்டேன். உன் அப்பா கேலி செய்யவில்லை. கிட்டாரை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு, "அன்னிக்கு தாராபுரத்துக்காரங்ககிட்ட சொன்னது மாதிரியே ஆயிப்போச்சு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் சிங்காநல்லூரில் பஸ் ஏறித் தாராபுரம் போனேன். உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பாய். கல்யாணம் நின்றுபோகலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மாமியார் தேங்காய் உலர்த்தும் களத்தில் நின்றிருந்தவர், என்னைக் கண்டதும் பதறி வந்து, "வாங்க சம்பந்தியம்மா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா?" என்றார். தண்ணீர் குடித்த கையோடு சொன்னேன். "அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிப்போட்டேனுங்க. என்ற பொண்ணுக்கு எடக்கைதான். பொறந்ததுலிருந்தே." அவர், "அது அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க. கண்ணுல பாத்தேனே. நீங்க எதுக்கு இல்லைன்னீங்கன்னுதான் எனக்குப் புரியல" என்றார். "பயத்துலங்க" என்றேன். "என்னப் பாத்துங்களா?" என்றார். தண்ணீர் டம்ளரைத் திரும்ப நீட்டினேன். பிறகு அவர், "செரி, வெளக்கு மட்டும் சோத்தாங்கையில ஏத்தட்டுங்க. எங்க பக்கத்துச் சனத்துக்கு நான் பதில் சொல்லோணும்" என்றார். நான், "அதை அவகிட்டக் கேளுங்க. அவ கைக்கு இனி நான் பதில் சொல்ல மாட்டேனுங்க" என்றேன். அவர் முகம் சிவந்தது. எழுந்து உள்ளே போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் பையை எடுத்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "எங்க கெளம்பறீங்க? எல போட்டாச்சு. உண்டுட்டுத்தான் போகோணும்." சாப்பிட்டேன். அவரே பரிமாறினார். பஸ் ஸ்டாண்டு வரை மகனை வண்டியில் அனுப்பினார். வழியில் கிட்டார் செய்திருப்பதைச் சொன்னேன். மாப்பிள்ளை, "அவ கிட்டார் வாசிப்பாளான்னு எனக்குத் தெரியாதுங்களே அத்தை" என்று மட்டும் சொன்னார். அவளுக்கும் தெரியாது என்றேன்.

ஆகவே கல்யாணம் நிற்கிறதா நடக்கிறதா என்றால், நடக்கிறது. விளக்கு எந்தக் கையால் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவள் நீ. உனக்கே வலது கையால் ஏற்றத் தோன்றினால் ஏற்று, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் நான் கட்டிய துணி இழுத்து அந்தக் கை நகரக் கூடாது. இடது கையால் ஏற்றினால், மண்டபத்தில் யாராவது முகம் சுளித்தால், அவர்களை என்னிடம் அனுப்பு. முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். எத்தனை பேர் வந்தாலும் உட்கார வைத்து, அந்தச் சேலைக் கரையிலிருந்து ஆரம்பித்துப் பாடம் நடத்துவேன். பாடம் நடத்துவதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை.

சின்னராசு நான் தேய்த்த இடத்துக்குத் திரும்ப லாக்கர் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அது என் தப்பு. அது தெரியட்டும். நீ வாசிக்கும்போது உன் தொடையின் மேல் மறைந்துதான் இருக்கும், ஆனால் இருக்கும். சரியான இடத்தையும் தேய்த்துவிடலாமே என்று உன் அப்பா கேட்டார். அதற்கும் மாட்டேன் என்றேன். நீ வாசிக்காமல் போன வருஷங்களை நான் உப்புத்தாளால் வாசித்ததாகக் காட்டினால் அது இரண்டாவது பொய். கிட்டார் முழுக்கப் பழசாக இருக்கும், உன் இடது முழங்கை படுகிற அந்த ஓர் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்கும். அதைத் தேய்க்க வேண்டியது நீ.

சனிக்கிழமை அப்பா ரயிலில் எடுத்து வருகிறார். சுதி சேர்த்துத்தான் அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு வாங்கிய கண்ணாடி வளையல் கிட்டாரைக் கீறிவிடும் என்று கழற்றி வைக்காதே. பெட்டியைத் திறந்ததும், மினுங்குகிற இடத்தில் இடது முழங்கையை வைத்து, ஆறு கம்பியையும் மேலிருந்து கீழாக ஒரே ஒருமுறை இழுத்து விடு.

அம்மா